பாட்டிலில் பிடித்த மீன்

கையுறையைக் கழற்றிப் பையில் சுருட்டி வைத்துவிட்டு, புதிதாக ஒரு ஜோடி மாட்டிக்கொள்கிறார் வசந்தகுமாரி. ஒரே ஏரிதான். ஆனாலும் மதகோரம் ஒரு ஜோடி, எதிர்க்கரைக்கு வேறு ஜோடி. "அந்தாண்ட அழுக்கு இந்தாண்ட வரக் கூடாதுங்க" என்கிறார். ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டி, அதற்குள் வாயகன்ற பாட்டில்கள்.

பாடியில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் திருகாணி அளந்து தரம் பார்த்தவர். அது மூடிய பிறகு, ஓர் ஆய்வுக்கூடத்துக்காக ஆவடி சுற்றுவட்டார ஏரிகளில் தண்ணீர் எடுக்கிறார். மீன்கள் நீரில் விட்டுப்போகும் கோழை, செதில் துணுக்கு, கழிவு இவற்றிலிருந்து மரபணுவைப் பிரித்து, அங்கே எந்த மீன் வாழ்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள். வசந்தகுமாரி இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: "மீனு ஒளிஞ்சிக்கும். அதோட கோழை எங்க போயி ஒளியும்?"

போன பங்குனியில், வெள்ளானூர் பக்கத்துச் சிற்றேரித் தண்ணீரில் 'டேங்க் கிளீனர்' இருப்பது தெரிந்தது. வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு வாங்கி, பெரிதானதும் யாராவது ஏரியில் கொண்டுவந்து கொட்டிவிடும் வெளிநாட்டு மீன். வலையைக் கிழிக்கும், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும். மழையில் ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்கும் போய்விடும்.

அங்கே வலை போடும் கன்னியப்பன் நம்பவில்லை. "முப்பது வருசமா வலை போட்டுகினு கீறேன், ஒண்ணுகூட மாட்டல. நீ பாட்டில்லயே புட்ச்சிட்டியாமா? வேற ஏரித் தண்ணி கலந்திருக்கும், போ." ஆய்வுக்கூடத்து ஆய்வாளர் நிவேதிதாவும் அதே சந்தேகத்தைத் தயங்கித் தயங்கிக் கேட்டார். வசந்தகுமாரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு முறையும், சுத்தமான நீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் ஏரிவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது அவர் வழக்கம். வேறு தண்ணீர் கலந்திருந்தால் அதிலும் தெரிந்துவிடும். அதையும் சோதித்துப் பார்த்தார்கள். அதில் எந்த மீனின் தடயமும் இல்லை. அவர் கையில் தவறில்லை.

கோடையில் நீர் வற்றியதும் கன்னியப்பன் அரைமனதாக வலையிழுத்தார். மூன்றாம் நாள், கரையடியில் தாமே தோண்டிப் பதுங்கியிருந்த வளைகளிலிருந்து விரல்நீளக் கறுப்பு டேங்க் கிளீனர்கள் வெளிப்பட்டன. இருபத்தாறு. அதன்பின் ஒரு வாரம்கூட அவர் அவற்றை வலையிழுத்துப் பிடிக்கத் தவறவில்லை. "உன் பாட்டிலு பொய் சொல்லலமா" என்றார்.

ஐப்பசியில், தொடர்ந்து மூன்றாவது மாதமாக டேங்க் கிளீனர் 'இல்லை' என்று முடிவு வந்த காலையில், வசந்தகுமாரியைப் பற்றி எழுதப் போயிருந்த நானும் கரையில் இருந்தேன். கன்னியப்பன் வலையிலிருந்து துள்ளும் விரால் ஒன்றை எடுத்து நீட்டினார். "ஊட்டுக்கு எட்த்துகினு போயி கொழம்பு வையி."

வசந்தகுமாரி இரு கைகளாலும் வாங்கி, அதன் வயிற்றைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"சினை கீது அண்ணாத்தே."

சரிவில் இறங்கிக் குனிந்து, கைகளை நீருக்குள் தாழ்த்தி விரல்களை விரித்தார்.