ஏழு சவரன் தூசி

கோலார் மாவட்டத்துத் தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் எனக்கு ஒரு சின்ன நகைக்கடை. என் பெயர் நாராயணசாமி. அறிவியல் விழா, அறிவியல் முகாம், க்விஸ் என்று எவராவது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாடத்தைப் படி, பரீட்சையை எழுது, மார்க்கை வாங்கு. அதற்கு மேல் என்ன விஞ்ஞானம் வேண்டிக் கிடக்கிறது? இதைச் சொல்லிச் சொல்லி என் மகள் சுமாவுக்குக் காது புளித்துப்போயிற்று. அப்படிப்பட்ட நான் இப்போது ஐடாவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் என் தராசால் வந்த வினை.

ஐடா ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், வரிசை வரிசையான லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. இவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பியுசியில், அதாவது ப்ளஸ் டூவில், சயின்ஸ் எடுத்தாள். முடித்ததும் வீட்டுக்குச் சம்பளம் தேவைப்பட்டது, படிப்பு அதோடு நின்றது. எங்கள் ஊரில் பாதிப் பேரைப் போல அவளும் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போகிறாள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்களில் பெயர் ஒட்டி உள்ளே அனுப்புவாள். “யார் ரத்தம் எதுன்னு எனக்குத் தெரியும்ணா. அதுல இன்னா இருக்குதுன்னு மட்டும் எனக்கு யாரும் சொல்ல மாட்டாங்க” என்பாள்.

ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது, தினமும் தாண்டிப் போகிற ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் பிள்ளைகள் பெரிய வரிசையில் நிற்பதைப் பார்த்தாள். இறங்கிப் போய்க் காவலாளியிடம் விசாரித்தாள். வருஷத்தில் ஒரு நாள் கதவைத் திறந்துவிடுவார்களாம், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாமாம். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவளும் வரிசையில் நின்றாள். மறுநாள் என் கடைக்கு வந்தபோது மூக்கு விடைக்கக் கோபம்.

“யார் வேணா வரலாமாம்ணா! இத்தினி வருசமா அந்த கேட்டு முன்னாடியே போய்கினு வந்துகினு இருக்கேன். ஒருத்தராவது சொன்னாங்களா?”

“சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பே?”

“போயிருப்பேன். வேற இன்னா?”

அடுத்த வருஷம் ஸ்கெலட்டன், பக்கத்துக் குடியிருப்பான பாலகாட் பிள்ளைகளை ஒரு ரயில் பெட்டி நிறையத் திரட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெட்டியில் சுமாவும் இருந்தது எனக்குத் தெரியாது. என் மனைவி கங்கம்மா ரகசியமாக அனுப்பி வைத்திருக்கிறாள். திரும்பி வந்த பெண், கடையில் கிடந்த செப்புக் குழாய்க்குள் ஒரு காந்தத்தைப் போட்டு, “பாருப்பா, எவ்ளோ மெதுவா விழுது” என்று என்னைப் படுத்தி எடுத்தாள். செம்பில் காந்தம் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். ஒட்டாத குழாய்க்குள் அது ஏன் தயங்கித் தயங்கி இறங்குகிறது என்று தெரியவில்லை. எரிச்சலாக இருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நானும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

அப்புறம் ஐடா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச்சின் பக்கத்து அறையில் பிள்ளைகளைக் கூட்ட ஆரம்பித்தாள். மாவட்ட அறிவியல் விழாவுக்கு இரண்டு தடவை அழைத்துப் போனாள். இரண்டு தடவையும் தெர்மகோல் எரிமலை, சோடா உப்பு, வினிகர், சிவப்பு நுரை. ஒரு நடுவர் பார்த்துவிட்டு, “காலையிலிருந்து எரிமலையாகவே வருகிறது” என்று கொட்டாவி விட்டாராம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஐடா வெடித்தாள்.

“நம்ம தலைக்கு மேல ஒரு மலை ஒக்காந்துகினு இருக்குது. அதை வுட்டுட்டு தெர்மகோல்ல மலை செஞ்சிகினு இருக்கோம். வெக்கமா இல்ல நமக்கு?”

அவள் சொன்னது சயனைடு மேட்டை. பாறையைப் பொடியாக்கிச் சயனைடில் தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் மிஞ்சிய பொடியை வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்கள். ஆடிக்காற்று எழும்பினால் அந்தப் பொடி ஸ்கெலட்டன் லைன் வீடுகளுக்குள் வந்து உட்காரும். தட்டில், தலையணையில், சோற்றில். எங்கள் பெண்களுக்கு அதனால் ஒரு கை பழகிப்போயிருக்கிறது. பேசிக்கொண்டே துடைப்பார்கள், சண்டை போட்டுக்கொண்டே துடைப்பார்கள். விருந்தாளி உட்காருவதற்கு முன் நாற்காலிக்கு ஒரு துடைப்பு, எழுந்த பின் ஒரு துடைப்பு.

மேட்டுக்குப் பக்கத்து வீட்டில் எவ்வளவு தூசி விழுகிறது, தள்ளிப் போகப் போக எவ்வளவு குறைகிறது என்று அளப்பதாக முடிவாயிற்று. அதற்கு வழி கண்டுபிடித்தவள் ஒன்பதாவது படிக்கும் லவினா. கண்ணாடித் துண்டுகளில் வாசலின் தடவி, முதல் லைனிலிருந்து கடைசி லைன் வரை ஐந்து வீட்டு மதில்களில் வைத்தார்கள். ஒரு வாரத்தில் எடுத்து நிறுப்பது திட்டம். வெளியில் செய்யும் ஆய்வு என்பதால் மாவட்ட விழா நடுவரே நேரில் வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தியானால் பெங்களூரில் நடக்கும் மாநில விழாவுக்குப் போகலாம்.

“இந்தத் தடவையும் இல்லன்னு சொல்லிட்டா அவ்ளோதாண்ணா” என்றாள் ஐடா. “லவினா செட்டு பத்தாவது போயிடும். பரீட்சைன்னு ஒருத்தியும் வர மாட்டா. நம்ம பசங்களுக்கு இதெல்லாம் வராதுன்னு ஊரே சொல்லும். நீங்க மொத ஆளா சொல்வீங்க.”

“ஆமா, சொல்வேன்” என்றேன். பொய்யா சொல்ல முடியும்?

நடுவர் வருகிற சனிக்கிழமை காலையில் ஐடாவும் பெண்களும் கண்ணாடிகளை எடுக்கப் போனார்கள். முதல் வீடு லவினாவுடையது. மதில்மேல் கண்ணாடி பளபளவென்று இருந்தது. முகம் பார்க்கலாம். அடுத்த வீட்டிலும் அப்படியே. ஐந்தும் அப்படியே.

லவினாவின் அம்மா பாக்கியவதி பெருமையாக வெளியே வந்தாள். “கோலார்லேர்ந்து ஆபீசருங்க வராங்கன்னு சொன்னியே ஐடா. அதான் லைன் பூரா சொல்லி எல்லாத்தையும் தொடச்சிட்டோம். எவளோ கண்ணாடில எண்ணெயைத் தடவி வெச்சிருந்தா. சோப்பு போட்டுத் தேய்ச்சேன், கையே போச்சு.”

லவினா, “அம்மா!” என்று கத்தினாளாம், தெருவே எட்டிப் பார்த்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் பாக்கியவதிக்கு முகம் செத்துப்போயிற்று. தலையில் அடித்துக்கொண்டாள். புதுக் கண்ணாடி வைக்கலாம் என்றால் அன்றைக்குப் பார்த்துக் காற்றும் இல்லை.

ஐடா யாரையும் திட்டவில்லை. பாக்கியவதியிடம் திரும்பிக் கேட்டாள்: “வாரம் பூரா தொடச்ச துணியெல்லாம் எதுல அலசினீங்க?”

“வேற எதுல? கொல்லை டிரம்லதான்.”

ஸ்கெலட்டனில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. துணி அலசிய தண்ணீரைக் கூட எவரும் கீழே ஊற்றுவதில்லை. பின்பக்கம் ஒரு டிரம்மில் சேர்த்து வைத்து, மேலாக மொண்டு கக்கூசுக்கு ஊற்றுவார்கள். ஐடா ஓடிப்போய் முழங்கை வரை டிரம்முக்குள் விட்டு அடியைத் துழாவினாள். வெளியே எடுத்த உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு.

“லவினா, எந்திரி. அழுதது போதும். தூசி எங்கேயும் போகல.”

சுமா மூச்சிரைக்க என் கடைக்கு ஓடிவந்து தராசு கேட்டாள். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு. அது போகிற இடத்துக்கு நானும் போவேன், தனியாக அனுப்ப நான் என்ன பைத்தியமா? கடையைக் கங்கம்மாவிடம் விட்டுவிட்டு, வாய்க்கு வந்தபடி முணுமுணுத்துக்கொண்டே தராசை மடியில் வைத்து ஆட்டோவில் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து வீட்டு அடுப்பிலும் சோறு இல்லை, சேறு காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரை மெதுவாகச் சாய்த்து வடித்து, அடியில் நின்றதைத் தட்டில் பரப்பிச் சூடாக்குகிறார்கள். ஐடா வீடு வீடாக ஓடி, “கருக வுடாதீங்க, நூல் கீல் இருந்தா பொறுக்கிடுங்க” என்று விரட்டிக்கொண்டிருந்தாள்.

நடுவர் ஒரு கல்லூரி ஆசிரியை. காரிலிருந்து இறங்கியதும் பாக்கியவதி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். லவினா முன்னால் வந்து நின்றாள். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் கன்னடத்தில் சொன்னாள். கண்ணாடி போனதையும் மறைக்கவில்லை.

“சரி, ஒவ்வொரு டிரம்மிலும் எத்தனை நாள் தூசி என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டார் நடுவர்.

“தண்ணி வர அன்னைக்குதான் மேடம் எல்லாரும் டிரம்மைக் கழுவுவாங்க. எங்களுக்கெல்லாம் ஒரே நாள்லதான் தண்ணி வரும். போன சனிக்கிழமை வந்துச்சு.”

“இதில் என்ன தப்பு வர வாய்ப்பு இருக்கிறது?”

இந்தப் பெண் இப்போது மாட்டிக்கொண்டாள் என்றே நினைத்தேன். லவினா விரல் விட்டு எண்ணினாள். “மொண்டு ஊத்தினதுல கொஞ்சம் போயிருக்கும். எல்லா வீடும் ஒரே சைஸ் இல்ல. ஒரு அம்மா நல்லா தொடைப்பாங்க, ஒரு அம்மா சுமாரா தொடைப்பாங்க. அதனால இது காத்துல இருக்கிற தூசி கணக்கு இல்ல மேடம். எங்க அம்மாங்க வீட்டை விட்டு வெளியே தள்ளின தூசி. எங்க கேள்வி காலையில இருந்து மாறிப்போச்சு.”

நடுவர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தராசைப் பார்த்தார். என் வேலை ஆரம்பித்தது. கடைசி லைன் வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நிறுத்தேன். மேட்டை நெருங்க நெருங்க எடை ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் பாக்கியவதி வீட்டுத் தூசி. ஐம்பத்தாறு கிராமுக்குக் கொஞ்சம் கூடவே காட்டியது. இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“ஏழு சவரன்.”

பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். பாக்கியவதி சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா எனக்குப் போட்டதே நாலு சவரன்தாங்க” என்றாள். “ஒரு வாரத்துல இவ்ளோவா?”

சிரிப்பு அடங்கிவிட்டது. இந்த ஊரில் எத்தனையோ பேருக்குத் தாலிக்கும் தோட்டுக்கும் நிறுத்துக் கொடுத்திருக்கிறேன். இதை நிறுக்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றவில்லையே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

நடுவர் எழுந்தார். “ஒரு வாரம் போதாது. இன்னும் மூன்று தடவை தண்ணீர் வரும்வரை இதே மாதிரி செய்யுங்கள். ஒரே அளவு துணி, ஒரே அளவு இடம். எல்லாவற்றையும் பெங்களூருக்குக் கொண்டுவாருங்கள்.”

லவினாவும் சுமாவும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நடுவர் எழுந்த நாற்காலியைப் பாக்கியவதியின் கை தானாகத் துடைத்தது. பாதியில் நின்றாள். துணியைப் பத்திரமாக மடித்து எடுத்துப்போய் டிரம்மில் அலசினாள்.

மாநில விழாவுக்கு விடியற்காலை ரயிலில் போனோம். ஐடா தினமும் போகிற அதே ரயில். முகூர்த்த நாளில் கடையைப் பூட்டிவிட்டு நானும் தராசோடு போனேன், கங்கம்மா பிடித்த பிடியில் போக வேண்டியதாயிற்று என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். பாக்கியவதியையும் ஐடா விடாப்பிடியாக இழுத்து வந்திருந்தாள். ரோபோவும் ட்ரோனுமாக இருந்த அந்த ஹாலில் எங்கள் மேஜைமேல் ஐந்து கண்ணாடிப் பாட்டில்கள், ஒரு துடைக்கிற துணி.

நல்ல காட்டன் புடவை கட்டிய ஒரு அம்மா தன் பையனோடு வந்து நின்றாள். பாக்கியவதி வீட்டுப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டாள்: “இவ்வளவா! இது எத்தனை வருஷமா சேர்ந்தது?”

லவினா வாயைத் திறப்பதற்குள் பாக்கியவதி முந்திக்கொண்டாள்.

“வருசமா? போன வாரத்துதுங்க.”

அந்த அம்மா பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள். ஐடா ஒரு நாற்காலியை எடுத்து, துடைக்காமலே, அவளுக்குப் போட்டாள்.

“ஒக்காருங்க மேடம்” என்றாள். “இந்தப் பொண்ணு மொதல்லேர்ந்து சொல்லும்.”