பாதியில் நின்ற பாட்டு

புத்தூர் லாட்ஜில் பக்கத்து அறைக்காரர் ஒல்லியானவர். ரேடியோ மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டு, வெகுநாளாக வேலை தேடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவருடைய டிரான்சிஸ்டர் பாடும். பாட்டு பாதியில் நிற்கும். டிரான்சிஸ்டரைப் பிரித்துப்போட்டு, செய்தி வருவதற்குள் மறுபடி பூட்டிவிடுவார்.

"நல்லா பாடுறதை ஏங்க பிரிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுக்கு ஒண்ணுமில்லீங்க. என் கைதான் வேலையை மறந்துடக் கூடாது. நாளைக்கே கூப்பிட்டுட்டாங்கன்னா?" என்று சிரித்தார்.

சுவருக்கு இந்தப் பக்கம், அது மறுபடி பேசும்வரை நானும் தனியாகக் காத்திருப்பேன்.

ஒரு சாயங்காலம் பாட்டு நிற்காமல் முடிந்தது. அடுத்த பாட்டும் முடிந்தது. வேலை கிடைத்துவிட்டதா, மனம் விட்டுப்போனதா? கதவைத் தட்டிக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் அறை காலி. இன்றும் எங்காவது பாட்டு பாதியில் நின்றால், கொஞ்சநேரம் அங்கேயே நின்றுவிடுகிறேன்.