சின்ன எழுத்துல ஒரு வேணாம்

"ரொட்டியத் தட்டுலேருந்து எடுத்தது நான். பையில போட்டது நான். தூக்கிட்டு வந்து உன் முன்னால வச்சதும் நான். அப்ப டிப்ஸ நீதானடி எனக்குக் குடுக்கணும்?"

பட்டனக்கா இப்படிக் கேட்டதும் பேக்கரி வரிசையில நின்ன நாலு பேரும் சிரிச்சிட்டாங்க. கல்லாவுல இருந்த பொண்ணு சிரிக்கல. பணம் கட்டற மிஷின இவ பக்கமாத் திருப்பி வச்சிட்டு, கூரையில ஏதோ ஒட்டடை தொங்கற மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னுச்சு.

"நான் கேக்கலக்கா. மிஷின் கேக்குது."

"மிஷினுக்கு வயிறு இருக்கா?"

இவளுக்கு இந்த டிப்ஸுமேல கோவம் வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. முதல் தடவை அந்தப் பொண்ணு, "டிப்ஸ் ஏதாவது குடுக்கறீங்களா?"ன்னு கேட்டப்போ, இவளுக்கு ரேடியோவுல வர்ற சமையல் டிப்ஸுதான் நெனப்புல வந்துச்சு. நம்மகிட்டப் போயி யோசனை கேக்குதே, தங்கமான பொண்ணுன்னு, "மாவ இன்னும் ஒரு மணி நேரம் பொங்க விடும்மா, ரொட்டி கல்லு மாதிரி இருக்கு"ன்னு நல்ல மனசோட சொல்லிட்டு வந்துட்டா. பின்னால நின்னவங்க சிரிச்சது எதுக்குன்னு வீடு வந்து சேர்ந்த பொறவுதான் வெளங்குச்சு. அன்னிக்குப் பட்ட வெக்கம் இன்னும் தீரல.

பட்டனக்கான்னா யாருன்னு சொல்லணும்ல. துணி வெளுக்கற கடையில, கண்ணாடிக் கதவ ஒட்டி ஒரு மூலை. ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூலு, பட்டன் போட்டு வச்ச பதினேழு டப்பா. ஜிப்பு மாத்துவா, பேண்ட்டு அடிய மடிச்சுத் தைப்பா, இடுப்பப் பிரிச்சு விடுவா. தொப்பை போட்டவங்க ரகசியம் எல்லாம் அவளுக்குத் தெரியும், ஒருத்தரப் பத்தியும் வெளிய சொல்ல மாட்டா. மத்த விஷயத்துல வாய் நீளந்தான். புருஷன் வீட்ட விட்டுப் போனதுக்கு அந்த வாயும் ஒரு காரணம். அவனும் ஒண்ணும் யோக்கியன் இல்ல, அது வேற கதை.

ரொட்டிச் சண்டை நடந்த அன்னிக்குச் சாயங்காலமே இவளுக்கு வந்துச்சு ஆப்பு.

பஸ் ஓட்டற தம்பி வந்தான். பதினோரு வருஷமா வர்றவன். அவன் பேண்ட்டு மட்டும் இல்ல, டிப்போவுல இருக்கற அத்தன டிரைவருங்க பேண்ட்டையும் வருஷத்துக்கு ஒருக்கா மூட்டையாக் கட்டி இவகிட்டதான் கொண்டாந்து போடுவான். அந்த மூட்டை வந்தாதான் இவ மூலைக்கு வாடகை. வரலன்னா டப்பாவெல்லாம் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கடைக்காரர் போன மாசம்தான் பணம் கட்டற புது மிஷின் வாங்கிப் போட்டிருந்தார், பேக்கரியில இருக்கற மாதிரியே. வெளுக்கற காசு, தைக்கற காசு, எல்லாம் அதுலதான். வாரக் கடைசியில இவ பங்க எண்ணிக் குடுத்துடுவார். இவ தலையத் தூக்காம, "அதுல கட்டிடு தம்பி"ன்னா. அவன் மிஷினையே பாத்துக்கிட்டு நின்னான்.

"என்னக்கா இது? நூத்துக்குப் பதினஞ்சு, இருபது, இருபத்தஞ்சுன்னு கேக்குது?"

"எது?"

"நீ சொல்ற காச என்னிக்காவது குறைச்சுக் குடுத்திருக்கேனா? பத்தலன்னா வாயத் தொறந்து கேளு. மிஷின ஏவி விட்டு ஏங்கா கேக்கற?"

"அது நான் வச்சதில்லப்பா."

"அப்ப அந்தக் காசு யாருக்குப் போவுது?"

பட்டனக்கா கழுத்த நீட்டி உள்ள கடைக்காரர் இருக்காரான்னு பாத்தா, காணோம். அவனும் மூணு கட்டத்துல ஒண்ண அமுக்கிட்டு, "இந்த மாசம் டிப்போவுக்குப் புது யூனிஃபார்ம் வருது. பாக்கலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டான்.

எப்பவும் 'கொண்டாறேங்கா'ன்னு சொல்றவன். இன்னிக்குப் 'பாக்கலாம்'.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் கேட்ட கேள்வி இவள அரிச்செடுத்துச்சு. யாருக்குப் போவுது? பேக்கரிப் பொண்ணுக்கே தெரியுமான்னு மறுநாள் காலையில போயிக் கேட்டா. சண்டைக்கு வந்திருக்கான்னு நெனச்சு அது பயந்துபோச்சு. அப்புறம் மெதுவா, "எங்களுக்குன்னு சொன்னாங்கக்கா. நாலு மாசமாச்சு, கண்ணுல காட்டல"ன்னுச்சு. இவ அது கையில நாலு காசு வச்சிட்டு வந்தா.

அடுத்து ஒரு வேலை பண்ணினா பாருங்க. ஆடு எங்க போயி மேயுதுன்னு பாக்க கழுத்துல மணி கட்டி விடற மாதிரி, தன் பேங்க் அட்டையிலேருந்தே பத்து காசு போட்டு, மேல நூத்துக்கு இருபதையும் அமுக்கி மிஷினுக்குள்ள விட்டா. வாரக் கடைசியில கடைக்காரர் எண்ணிக் குடுத்தார். அதுல அந்தப் பத்து இருந்துச்சு. மேல போட்ட ரெண்டக் காணோம்.

"அண்ணே, என் ரெண்டு எங்க?"

"எந்த ரெண்டு?"

"டிப்ஸு. எனக்கு நானே குடுத்துக்கிட்டது."

கடைக்காரர் அவள ஒரு மாதிரி பாத்தார். "உனக்கு நீயே எதுக்கும்மா குடுத்துக்கற? அதெல்லாம் மொத்தமா வந்து விழுது. சோப்புத்தூளுக்குப் போயிடும்."

"ஆக, டிரைவர் தம்பி எனக்குன்னு நெனச்சுக் குடுத்தத நீங்க நுரையா ஊதிட்டீங்க."

"நான் எங்க ஊதினேன்? அது மிஷின்லயே வருது. எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாது. வித்தவன் போனே எடுக்க மாட்டேங்கறான்." அப்புறம், "சும்மா வர்றத ஏன் வேணாம்னு சொல்லணும்?"னார். அதுதான் அவரு மனசுல இருந்த நெசம்.

பட்டனக்கா மிஷின மடியில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா. மேல தொகை. நடுவுல மூணு பெரிய கட்டம். அடியில, எறும்பு ஊர்ற மாதிரி சின்ன எழுத்துல ஒரு 'வேண்டாம்'. இடுப்புல லூசா இருந்தா பிடிச்சுத் தைக்கறோம், தொங்கினா மடிக்கறோம், இத ஏன் விட்டு வைக்கணும்?

முதல்ல கோட்டுக்கு உள்ள வைக்கற லைனிங் துணியில, மூணு கட்டமும் மறையற மாதிரி மிஷினுக்கு ஒரு உறை தச்சா. மேல தொகை தெரிய ஒரு ஜன்னல், அடியில 'வேண்டாம்' தெரியற அளவுக்குச் சின்னதா இன்னொண்ணு. போட்டுப் பாத்தா, துணி மேல விரல் பட்டாலே உள்ள இருபத்தஞ்சு விழுது. சனியன், துணிய ஊடுருவிக்கிட்டு வாங்குதேன்னு ஆச்சரியப்பட்டா. காடா, கம்பளின்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தா. கடைசியில சோபாவுக்குப் போடற ரெக்சின் துண்ட ரெண்டு மடிப்பா வச்சதும் மிஷின் வாய மூடுச்சு. சின்ன ஜன்னலச் சுத்திப் பட்டன் ஓட்டைக்குப் போடற தையல நெருக்கமாப் போட்டா, பிரியாம இருக்க.

கடைக்காரர் மொறைச்சார். "என் மிஷினுக்குச் சட்டை மாட்டற?"

"என் ஆளுங்க கட்டறப்ப மாட்டுவேன், உங்க ஆளுங்க கட்டறப்ப கழட்டிக்கோங்க. இல்லன்னா இந்த மூலைக்கு வேற ஆளப் பாத்துக்கோங்கண்ணே."

சொன்னது வாய்தான். டிப்போ மூட்டை வரலன்னா அவரு ஆளப் பாக்கவே வேணாம், இவளே போயிடணும். கடைக்காரர் முனகிக்கிட்டே உள்ள போனார். வேற ஆளத் தேடவும் இல்ல.

ஒம்பது நாள் கழிச்சு டிரைவர் தம்பி வெறுங்கையோட வந்தான், சட்டைக்கு ஒரு பட்டன் போடணும்னு. பட்டனத் தச்சா. காசு சொன்னா. உறைய மாட்டி மிஷின நீட்டினா. அவன் குனிஞ்சு ஜன்னல் வழியாப் பாத்தான்.

"என்னக்கா, 'வேண்டாம்' மட்டும் எட்டிப் பாக்குது?"

"அன்னிக்கு யாருக்குப் போவுதுன்னு கேட்டியே, சோப்புக்குப் போவுது. நீ மேல போட்டுக் குடுத்ததுல ஒரு காசு என் கைக்கு வரல. எனக்கு வேணும்னா உன்கிட்ட வாயால கேப்பேன். எனக்கு இருக்கற வாய்க்கு மிஷின் எதுக்குடா?"

அவன் சிரிச்ச சிரிப்புல கடைக்காரர் உள்ளேருந்து எட்டிப் பாத்தார். ஜன்னலுக்குள்ள விரல விட்டு அமுக்கினான். பஸ்ஸுக்குப் போனான், திரும்பி வந்தப்போ தோள்ல மூட்டை இருந்துச்சு. அத எறக்கி வச்சிட்டு உறையத் தடவிப் பாத்தான்.

"நாங்க டீ குடிக்கற கடையிலயும் இந்த மிஷின்தாங்கா. அதுக்கும் ஒண்ணு தச்சுத் தாயேன். இந்த ரெக்சின் என்ன வெல?"

"சோபாக் கடையில வெட்டிப் போட்ட துண்டு. ஒம்பது சொன்னான், ஏழுக்கு வாங்கினேன். மீதி இருக்கு, டீக்கடைக்கும் ஒண்ணு வரும்."