ஆள் அனுப்பாத வகுப்பு

பிள்ளைகளா, நேற்று நீங்கள் மட்டம் போட்டதற்கு டீச்சர் இரண்டு பேரை வீட்டுக்கே அனுப்பிவிட்டார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வேலை முடிந்து வந்த அலுப்பில் எனக்குத் திட்டவும் தெம்பில்லை. எழுதியே வைக்கிறேன்.

பம்மலில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் டீச்சரும் அப்படித்தான். யாராவது வராவிட்டால், பிரேயர் முடிந்ததும் நான்கு பையன்களை அனுப்புவார். அவர்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வருவார்கள். என்னைத் தூக்கும்போது நான் உதைப்பேன், கத்துவேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். வகுப்பில் இறக்கிவிட்டதும், "வாங்க மாப்பிள்ளை, பல்லக்கு வசதியா இருந்துதா?" என்பார் டீச்சர். எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்குக் கணக்கையெல்லாம் நான்தான் முந்திக்கொண்டு போடுவேன்.

ஆறாம் வகுப்புக்குத் தாம்பரத்தில் பெரிய பள்ளிக்கூடம். அங்கே சார் தலை நிமிராமல் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். அந்த வருஷம் தோல் கம்பெனியில் அப்பாவுக்குக் கையில் அடிபட்டது. ஒத்தாசைக்கு என்று வீட்டில் நின்றேன். கை ஆறி அவர் வேலைக்குப் போன பிறகும் நான் பள்ளிக்குப் போகவில்லை. இத்தனை நாள் கழித்து நானாகப் போய் நிற்கக் கூச்சம். யாராவது கூப்பிட வந்தால் போய்விடலாம் என்று தினமும் பள்ளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

"இட்டுகினு போக ஆள் வரும்னு குந்திகினு கீறியே, நீ இன்னா புது மாப்ளயா?" என்றாள் அம்மா. இப்படியே இருந்தால் அப்பா கம்பெனியில் சேர்த்துவிடப் போகிறார் என்றும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில், பள்ளியில் என் பக்கத்தில் உட்காரும் பையனைப் பார்த்தேன். சார் என்னைப் பற்றிக் கேட்டாரா என்று விசாரித்தேன்.

"உன் பேர அட்ச்சிட்டாருடா. உன் நம்பரு இப்ப புச்சா வந்தவனுக்கு."

அவன் கேலி செய்யவில்லை. வாளி நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னான், அவ்வளவுதான்.

இரண்டொரு நாளில் அப்பாவோடு கம்பெனிக்குப் போவது என்று முடிவாயிற்று. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், போட்டிருந்த பள்ளிச் சட்டையைக் கழற்றினேன். அதில் அழுக்கே இல்லை. ஆனாலும் சோப்புப் போட்டுத் துவைத்து, உதறிக் கொடியில் காயப் போட்டேன்.