சீனத்துப் பொறாமை

சுனாமி வந்து இரண்டு வருஷம் இருக்கும். சீனாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த மாமா லீவுக்குக் கடலூர் வந்திருந்தார். தம்பிக்கு ரிமோட் கார், எனக்கு வெறும் பென்சில் பாக்ஸ். மூடியில் பாண்டா இருக்கிறதாம், அதனால் விசேஷமாம். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"என்னா பாப்பா, வினிகர் சாப்புடுறியா?" என்று மாமா சிரித்தார். பொறாமைப்படுவதைச் சீனாக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். 'ச்சு த்ஸூ' என்று சொல்லிக் காட்டினார். கிளாஸில் எவளுக்கும் தெரியாத வார்த்தை! என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"இதெல்லாம் புக்குல இருக்குமா மாமா?"

"இல்ல. கூடப் படிக்கிற சீனப் பொண்ணு சொன்னா. இன்னொருத்திக்கு நோட்ஸ் குடுத்தேன்னு எங்கிட்ட பேசவே இல்ல. ஏன்னு கேட்டா, 'ச்சு த்ஸூ'ங்குறா." சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுப்படியில் பெரியம்மா மகள் அக்கா, மாமா கொண்டுபோகப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். சிதம்பரத்தில் காலேஜ் படிக்கிறவள். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைத் தாய்மாமனுக்குக் கட்டுவது வழக்கம். இவள் மாமாவுக்குத்தான் என்பது எப்போதோ பேசி முடித்த விஷயம். பருப்புப்பொடி, ஊறுகாய், வறுத்த முந்திரி எல்லாம் அவள் கையால்தான் சீனா போகும். கவரின் வாயை மெழுகுவத்தித் தீயில் காட்டி அழகாக ஒட்டுவாள். நான் ஓடிப்போய் வார்த்தையையும் அது வந்த கதையையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

"சொல்றப்ப சிரிச்சாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

அவள் கையிலிருந்த கவர் தீயில் சுருங்கிப்போனது. வேறு கவர் எடுத்தாள். முந்திரியை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக ஒட்டினாள்.

"ரெண்டு எதுக்குக்கா?"

"ஒண்ணு அந்தப் பொண்ணுக்கு. அவுங்களும் சாப்புடட்டும்."

மாமா கிளம்பிப் போன மறுமாதம், அவரைக் கட்டிக்கொள்ள இஷ்டமில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். வீடு ரெண்டுபட்டது. பெரியம்மா சாப்பிடாமல் கிடந்து அழுதாள். படிப்பு கொடுத்த திமிர் என்றாள் அம்மா. அக்காவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது.

மாமாவுக்குப் போனில் சேதி போனது. "அவள யாரும் திட்டாதீங்க" என்று மட்டும் சொன்னாராம். அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு நல்ல மாமாவை இந்த அக்காவுக்கு எப்படிப் பிடிக்காமல் போனது என்று எனக்குப் புரியவேயில்லை.