ஆறு இஞ்சா, எட்டா?

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு எண்: எட்டு.

காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்கு நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. என்னோடு வேலை பார்த்த ரெஜினா டீச்சர் நெஞ்சுவலியில் போய்விட்டார். சாக்பீஸ் கையோடு அவர் ஊரான அனுமந்தன்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அந்த வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உள்ளே போவதும், ஷெட்டை எட்டிப் பார்ப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தேன்.

அவர் கணக்கு டீச்சர் என்பது ஊருக்கே தெரியும். ஷெட்டில் மரவேலை செய்தார் என்பது சிலருக்குத்தான் தெரியும். வீடியோ பார்த்து இருவரும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். கோணல் பலகையைச் சமமாக இழைத்துத் தரும் ஜாயின்டர் மிஷின் வாங்க வேண்டும். ஆறு இஞ்ச் அகலமா, எட்டா? அதிலேயே ஒரு வருடம் ஓடிற்று.

"வீட்டு வேலைக்கு ஆறு போதும் டீச்சர். அகலப் பலகைன்னா ரெண்டாப் பிளந்து, இழைச்சு ஒட்டிக்கலாம்" என்பேன்.

"ஏத்தா, ஒன்னய ரெண்டாப் பிளந்து ஒட்டுனா ஒத்துக்கிருவியா?" என்பார். அவர் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பலாப் பலகைகள் ஏழு இஞ்ச் அகலம்.

கம்பம் டவுனுக்கு மிஷினைப் பார்க்கப் போனோம். கடைக்காரர் மோட்டாரைப் பற்றிப் பேசப் பேச, இவர் டேப்பைப் பிரித்துத் தரையை அளந்தார். "மிஷின் நிக்கிற எடத்த மட்டும் பாக்காதீக. பலகை இங்கன இருந்து போயி, அங்கன முழுசா வெளிய வரணும்ல?"

எட்டு இஞ்ச் மிஷின் நீளம் அதிகம். ஷெட்டில் அந்த இடத்தில் அவர் கணவர் பிரான்சிஸ் அண்ணனின் ஜீப் நின்றது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப். "சோறு போடுற வண்டி மழையில நிக்கணும், ஒம் பலகைக்குக் கூரையா?" என்று அண்ணன் சண்டை போட்டார். டீச்சர் ஆறுக்கு இறங்கி வந்தார்.

இறப்பதற்கு முந்தின சாயங்காலம், பஸ் ஸ்டாப்பில் திடீரென்று சொன்னார்: "இல்லத்தா, எட்டுதான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அவருகிட்ட சொல்லிருவேன். கத்துவாரு, கத்தட்டும்."

அடக்கம் முடிந்ததும் அண்ணன் ஷெட்டு வாசலில் நின்று அழுதார். "எனக்காக ஆறே போதும்னுட்டா தங்கச்சி. மனசார ஒத்துக்கிட்டா. அந்த ஆறையே வாங்கிப் போடுறேன். நீ வந்து அவ பலகைய அலமாரியாக்கிக் குடு."

"டீச்சர் எப்பவும் விட்டுக்குடுத்துத்தான் போவாக" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு பெண்.

எட்டு என்பது நாக்கு நுனி வரை வந்தது. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிண்ணே" என்றேன்.

விட்டுக்கொடுத்தவர் என்று அவரை நினைப்பவர்கள் நினைக்கட்டும். என்னிடம் இருப்பது, விட்டுக்கொடுத்ததைத் திரும்பக் கேட்கத் துணிந்து, தோளிலிருந்து பை நழுவ நழுவச் சிரித்த முகம்.

ஆறு இஞ்ச் மிஷின் வந்தது. பலகையைப் பிளக்கக் கோடு போட்டேன். கை போகவில்லை. டீச்சர் பஸ் ஸ்டாப்பில் சொன்னதை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

போன வாரம் கடை வண்டி வந்து ஆறை ஏற்றிக்கொண்டு, எட்டை இறக்கிவிட்டுப் போயிற்று. ஜீப் தெருவில், தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது.