டீத்தண்ணி சாப்பாட்டில் சேராது

எங்கள் மகளிர் குழு ஊரில் சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்துவதென்று முடிவெடுத்தபோது ஊர் நலம், முன்னெச்சரிக்கை என்று நான் வாய் வலிக்கப் பேசினேன். அதெல்லாம் வெளிவேஷம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆளின் ரத்தம், எங்கள் வீட்டுக்காரருடையது. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். வெட்டிய கரும்புக்கட்டை காலில் குத்திய புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்தால் போதும், டிராக்டர் சாவியைத் தேடுவார். ஊரே வரிசையில் நின்றால் வெட்கத்துக்காவது நிற்பார் என்று நினைத்தேன். ஒரு மனுஷனைக் குத்துவதற்கு ஊரையே குத்த ஏற்பாடு செய்தவள் நான்.

சுகாதார நிலையத்து நர்ஸ் வருவதாகச் சொல்லிவிட்டார். பந்தல், நாற்காலி, கூடுதல் ஊசி இதற்கெல்லாம் பணம் வேண்டுமே. ஆண்டிமடத்து முந்திரியை வாங்கி விற்று வசதியாக இருக்கும் எங்கள் ஊர் வியாபாரியிடம் போனோம். கோயில் என்றால் கேட்காமலே கொடுப்பார். ஊசி என்றதும் முகம் சுருங்கிவிட்டது. ஊசிக்குக் கொடுத்தால் 'அவன் காசுல குத்துனாங்க' என்று காலத்துக்கும் பேசுவார்களாம். சோறு போட்டால்தான் பேர் நிற்குமாம். பொங்கலும் கேசரியும் போடுகிறேன், கேசரியில் முந்திரி கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும் என்றார். சர்க்கரை முகாமில் கேசரி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழுப் பெண்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் ஒரு வழியாக ஒத்துக்கொண்டோம். நோட்டீசில் 'சிற்றுண்டி உபயம்' என்று அவர் பேர் பெரிய எழுத்தில் வரும், ஊசிச் செலவு சத்தமில்லாமல் அதற்குள்ளேயே அடங்கிவிடும். கேசரி கூடாது. பொங்கலும் ரத்தம் கொடுத்த பிறகுதான்.

வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். விடிந்ததும் விடியாததுமாக ஊர் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். நர்ஸ் முதல் ஆளிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

"ஒண்ணும் சாப்புடலீங்க சிஸ்டர். டீத்தண்ணி மட்டுந்தான்."

அடுத்தவரும் டீத்தண்ணி. அதற்கடுத்தவர் டீத்தண்ணியோடு பொறையும் தின்றிருந்தார். டீயில் நனைத்துத் தின்றதால் அதுவும் தண்ணீர்க் கணக்குதானாம். எங்கள் பக்கம் டீத்தண்ணி சாப்பாட்டில் சேராது. அது தெரிந்தும் வீடு வீடாகப் போனவர்களில் ஒருத்திக்குக்கூட டீயைச் சொல்லத் தோன்றவில்லை. போதாக்குறைக்கு, பாவம் வெறும் வயிற்றோடு நிற்கிறார்களே என்று அந்த வியாபாரி டீக்கடையில் சொல்லி, வரிசை முழுவதற்கும் தன் செலவில் டீ ஊற்றியிருந்தார். அதுவும் சர்க்கரை தூக்கலாக.

நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, எல்லோரும் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள், அப்போதும் பார்க்கலாம் என்றார்.

இரண்டு மணி நேரமா? எங்கள் வீட்டுக்காரர் சாவியை வெளியே எடுத்துவிட்டார். லோடு நிற்கிறதாம். நான் நேரே வியாபாரியிடம் போனேன். "நீங்க ஊத்துன டீதானே அண்ணே? நீங்களே ஆளப் புடிச்சு நிறுத்துங்க" என்றேன். அவர் அசரவில்லை. "வா மாப்ள" என்று எங்கள் வீட்டுக்காரர் தோளில் கையைப் போட்டுப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே எனக்குத் தெரியாமல் ஓர் அண்டா கேசரி இருந்தது. சாவி சட்டைப் பைக்குள் போய்விட்டது. ஒரு கரண்டிக்கு மேல் போகாமல் நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கேசரியை நான் அப்புறம் திட்டவே இல்லை.

நேரம் வந்ததும் விரலை நீட்டச் சொன்னால் மனுஷன் என்னைக் கை காட்டினார். "இவ மொதல்ல குடுக்கட்டும்." ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கொடுத்தேன். எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு மீட்டரில் வந்த எண்ணைப் பார்த்ததும் நர்ஸ் சிரிப்பை நிறுத்திவிட்டார். காலைத் தூக்கி வைக்கச் சொல்லிப் புண்ணைப் பார்த்தார். நாளைக்கே பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றார்.

அவர் தலையைத் தூக்காமலே கேட்டார். "காலு நிக்குமாங்க?"

எத்தனை மாதமாக இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினாரோ. வீம்பு பிடித்த மனுஷன் என்று நான் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். பயந்து கிடந்திருக்கிறார். அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நிக்கும். இப்பவே வந்துட்டீங்கள்ல. மருந்த விடாம சாப்புடுங்க" என்றார் நர்ஸ்.

திரும்பும் வழியில் டீக்கடை முழுக்க ஆள். இவர் உள்ளே போய், சர்க்கரை இல்லாமல் ஒரு டீ என்றார். யாருக்கு என்று கேட்டார் மாஸ்டர். என் பக்கம் கையைக் காட்டித் தப்பித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்குத்தான்" என்றார், கடைக்கே கேட்கும்படி.